பேனர் எதில் அடிக்கலாம்?



தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் கிளையில் ஏற்பாட்டுக் குழுக் கூட்டம் நடந்தது. தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் வருஷா வருஷம் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவோம். மோர், பானகம், மதியத்துக்குச் சோறு. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது தலைவர் என்னைப் பார்த்து, “நீ இன்ஜினியரிங் படிக்கிற பையன்தானே, பேனரை நீ பாத்துக்கோ. இந்தத் தடவை சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாத பேனரா இருக்கணும்” என்றார். நான் படிப்பது இரசாயனப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. அதற்கும் பேனருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தால்கூட எங்கள் கிளையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுத் துணிக்கு மாறினால் முடிந்தது, அவ்வளவுதானே? அந்த “அவ்வளவுதானே” என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாம் வழக்கமாக அடிக்கும் பேனர் என்ன பொருள் என்று பார்ப்போம். கடையில் தார்பாலின் என்பார்கள், ஃபிளெக்ஸ் என்பார்கள். நடுவில் பாலியெஸ்டர் நூல் வலை, அதன் இரண்டு பக்கமும் பி.வி.சி. பூச்சு. பி.வி.சி.யின் எடையில் ஏறக்குறைய 57 விழுக்காடு குளோரின். அது வளைந்து கொடுப்பதற்காக மென்மையாக்கும் இரசாயனங்களும் சேர்க்கிறார்கள். நூலும் பூச்சும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரிய வேலை. சாதாரண மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சினும் உருவாகலாம். நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் குப்பை எரிப்பதே குற்றம். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் எங்காவது ஒரு மூலையில் கறுப்புப் புகை எழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பந்தலுக்கு 10க்கு 4 அடியில் 6 பேனர் அடிப்போம். கடையில் கொடுப்பது சதுர மீட்டருக்கு 380 கிராம் எடையுள்ளது. கணக்குப் போட்டால் ஒரு பேனர் 1.4 கிலோ, ஆறும் சேர்ந்து எட்டரைக் கிலோ பக்கம் வரும். ஒரு நாள் கூத்துக்கு.

“எட்டரைக் கிலோவா? அன்னிக்கு நாம குடுக்குற பிளாஸ்டிக் கப்பை எடை போட்டுப் பாத்தியா?” என்று என் நண்பன் புலனத்தில் கேட்டான். நியாயமான கேள்வி. அதை நான் ஒதுக்கிவிடவில்லை, கப்பு விஷயத்தை வேறொரு குழு பார்த்தது. ஆனால் எனக்கு அந்த எட்டரைக் கிலோவை மறக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் வீடு நிபோங் திபால். பினாங்குத் தீவில் சேரும் வீட்டுக் குப்பையும் செபராங் பிறையில் சேரும் வீட்டுக் குப்பையும் எங்கள் பக்கத்தில் இருக்கும் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குத்தான் வருகின்றன. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. நாள்கணக்கில் எரிந்தது, பக்கத்திலிருந்த பள்ளிகளை மூட வேண்டி வந்தது. எனக்கு அப்போது எஸ்.பி.எம். நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கோவிட்டுக்காக வாங்கி வைத்திருந்த முகக்கவசத்தை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தாள் என் தங்கை. யாருடைய தவறு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டிப் போகிற பேனர், விழா முடிந்ததும் குப்பையாகி, அதே கடலைத் தாண்டி எங்கள் ஊருக்கே திரும்பி வருகிறது. “தூக்கி எறிந்துவிட்டோம்” என்று நாம் சொல்லும் இடத்தில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் இருக்கிறது. என் விஷயத்தில் அது என் ஜன்னல்.

சரி, மாற்றுப் பொருளுக்கு வருவோம். பி.வி.சி. இல்லாத பாலிஎத்திலின் பேனர் கிடைக்கிறது. அதில் குளோரின் இல்லை என்பது நல்ல விஷயம், ஆனாலும் பிளாஸ்டிக்தான். பாட்டிலிலிருந்து மறுசுழற்சி செய்த பாலியெஸ்டர் துணி கிடைக்கிறது. பாட்டிலுக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது, ஆனால் பேனரான பிறகு அதற்கு அடுத்த வாழ்வு கிடைப்பது கஷ்டம். ஒரு விற்பனையாளர் பச்சை இலை போட்ட ஒட்டியைக் காட்டி, “இது மக்கும் பிளாஸ்டிக்” என்றார். எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று கேட்டேன். அவருக்கு இன்னொரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. ஏதோ ஒன்றைக் கலந்து சீக்கிரம் துண்டு துண்டாக உடையும்படி செய்த ஒருவகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. உடைவது வேறு, மக்குவது வேறு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டால் காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பருத்தித் துணிதான் என் மனசில் இருந்தது. கேட்டாலே சுத்தமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு கிலோ பருத்திக்கு உலகச் சராசரியில் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அது குப்பைமேட்டின் அடியில், காற்று இல்லாத இடத்தில் மக்கும்போது மீத்தேன் வருகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கடைப் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், பருவநிலைக் கணக்கில் பருத்திப் பை அதற்குச் சமமாக 131 தடவை பயன்பட வேண்டும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். பையும் பேனரும் ஒன்றல்ல, எண்ணை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்குப் போடும் முறையை எங்கள் பாடத்தில் படித்திருக்கிறேன். அதில் முதல் கேள்வி “எந்தப் பொருள் நல்லது?” என்பதே இல்லை. “என்ன வேலைக்கு, எத்தனை தடவைக்கு?” என்பதுதான் முதல் கேள்வி.

இதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு அச்சகத்துக்குப் போனேன். ஃபிளெக்ஸ் சதுர அடி 2 வெள்ளி, துணி 5 வெள்ளி என்றார் கடைக்கார அண்ணன். நான் பருத்தி, பாலியெஸ்டர், மை என்று அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க தங்கத் தகட்டுல அடிச்சாலும் அடுத்த வருஷம் என்கிட்டதான் வருவீங்க. தேதி மாறும்ல?”

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. மூன்று வாரமாக நான் இரசாயனத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பேனரைக் கொல்வது பி.வி.சி. அல்ல. அதன் கீழ்மூலையில் இருக்கும் தேதி. வருஷக்கணக்கில் மழை வெயிலில் தாங்குகிற மாதிரி ஒரு பொருளைத் தயாரித்து, அதன்மேல் ஒரு நாளில் காலாவதியாகும் செய்தியை அச்சடிக்கிறோம். கோயிலில் கட்டும் மாவிலைத் தோரணம் மூன்று நாளில் வாடும், விழாவும் மூன்று நாளில் முடியும். கொடியேற்றத்தில் ஏறும் கொடியில் யாரும் வருஷம் எழுதுவதில்லை. நம் முன்னோர்கள் சுற்றுச்சூழல் விஞ்ஞானிகள் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லிச் சொல்லியே நாம் கெட்டோம். அவர்களுக்குக் கிடைத்தது இலையும் துணியும், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நாள் வேலையோ அவ்வளவு நாள் ஆயுள் என்ற பொருத்தம் அதில் இருந்தது. அதை நாம் தொலைத்துவிட்டோம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. “துணிக்கு மாறிட்டோம்” என்று புலனத்தில் படம் போட்டுவிட்டு, ஆறு பேனருக்குப் பதிலாகப் பன்னிரண்டு அடிப்பதற்கு நாங்கள் தயாராக இருந்தோம். உண்மையாகவே அந்தப் பேச்சு வந்தது. “கேடு இல்லாததுதானே, நுழைவாயிலுக்கும் ரெண்டு போடலாம்” என்றார் ஒருவர். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுவதாவது புரிகிறது. இது செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே பரிகாரம் வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி இல்லையா? சதுர அடிக்கு 3 வெள்ளி கூடக் கொடுத்து நாம் வாங்குவது துணியையா, மன நிம்மதியையா?

இந்தக் கண்டுபிடிப்போடு அடுத்த கூட்டத்தில் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். தேதி வேண்டாம், வருஷம் வேண்டாம், அதோடு நன்கொடையாளர்களின் பெயரும் படமும் வேண்டாம் என்றேன். வருஷா வருஷம் புது பேனர் அடிப்பதற்கு அதுதான் பாதிக் காரணம். “தர்மம் பண்றவங்க முகத்தையும் பேரையும் போட்டுக்கிட்டா அது தர்மமே இல்ல, விளம்பரம். பலனை எதிர்பார்க்காம செய்யணும்னு வகுப்புல நாமதானே சொல்லித் தர்றோம்?” என்றேன். இளைஞர்கள் சிலர் கைதட்டினார்கள். பின் வரிசையில் ஓர் ஐயா உட்கார்ந்திருந்தார். பந்தலுக்கு அரிசி முழுக்க வருஷா வருஷம் அவருடைய உபயம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா சமையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த பேனர்ல அவரு படமாடா இருக்கு? நல்லா பாத்தியா?”

நான் பார்த்ததே இல்லை. எத்தனையோ வருஷம் அதே பேனரை என் கையாலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அதில் இருந்தது அவருடைய மனைவியின் படம். இறந்து ஏழு வருஷம் ஆகிறதாம். “இத்தனையாம் ஆண்டு நினைவாக” என்று போட்டிருக்கும். அந்த அம்மாதான் முதலில் பந்தலுக்கு அரிசி கொடுக்க ஆரம்பித்தவராம், எங்கள் தாமானில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எனக்கும் அவர் கையால் பானகம் கொடுத்திருப்பார்.

அடுத்த நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார். பிறகு பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பலகையைக் காட்டினார். அதன்மேல் ஏழு சுருள்கள், ரப்பர் வளையம் போட்டு வரிசையாக. ஏழு வருஷத்துப் பேனர்கள்.

“பந்தல் பிரிச்சதும் நானே அவுத்து எடுத்துட்டு வந்துருவேன், தம்பி. அவ முகம் இருக்குறத எப்படிக் குப்பையில போடுறது?”

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் கிளையில், எங்கள் வட்டாரத்திலேயேகூட, பேனரைக் குப்பைக்கு அனுப்பாத ஒரே ஆள் அவர்தான். அவருக்குத்தான் நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சாமி படம் போட்ட பேனரை என்ன செய்வது என்று நமக்கெல்லாம் ஒரு தயக்கம் இருக்கிறது. குப்பையில் போட மனசு வராது, எரிக்கவும் மனசு வராது. அதனால் கோயில் பின்புறத்திலோ மரத்தடியிலோ கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். ஒருமுறை ஒரு கடையின் பின்னால் முருகன் முகம் தரையைப் பார்த்தபடி விரித்திருந்ததைப் பார்த்தேன், அதன்மேல் வெங்காய மூட்டைகள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே பேனரில் முருகன் படம் இல்லாமல் வெறும் “வருக வருக” மட்டும் இருந்திருந்தால் எனக்கு எதுவும் தோன்றியிருக்காது. முகம் இருந்தால் பொருளுக்கு மரியாதை, முகம் இல்லாவிட்டால் அது குப்பை. அந்த ஐயாவுக்கு வந்த தயக்கம் ஆறு பேனர்மீதும் நமக்கு வந்திருந்தால், எந்தத் துணி, எந்த மை என்ற கேள்வியே இவ்வளவு பெரிதாகியிருக்காது. பொறுப்பு என்பது எறிய மனசு வராத அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

பெயர் போடுவது தப்பா சரியா என்பதிலும் என் எண்ணம் கொஞ்சம் மாறிவிட்டது. பெயருக்காகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அரிசி மூட்டையைவிடத் தன் படம் பெரிதாக இருக்கணும் என்று அளவு சொல்லி அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பேனரைப் பார்த்து எது எந்த ரகம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லத் தெரியும் என்று நினைத்தேன், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஐயா, போன வருஷப் பேனரையே இந்த வருஷமும் கட்டலாமா? ஆனா அதுல ஆறாம் ஆண்டுன்னு இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனாவது வருஷம்னு எனக்குத் தெரியும்” என்றார். “மத்தவங்களுக்கு எதுக்கு?”

அம்மா ஒரு பழைய காவி வேட்டியிலிருந்து நாலு விரல் அகலத்துக்குத் துண்டு கிழித்து, அந்த எண்ணின்மேல் வைத்துத் தைத்தார். ஃபிளெக்ஸில் ஊசி இறங்காமல் கஷ்டப்பட்டார், கடைசியில் சாக்கு ஊசி தேவைப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

மற்ற பேனர்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். முழு வெற்றி ஒன்றும் இல்லை. நுழைவாயிலுக்கு ஒரே ஒரு பருத்தித் துணிப் பேனர் அடித்தோம், வேலும் மயிலும் கிளையின் பெயரும் மட்டும், தேதி கிடையாது. பழைய ஃபிளெக்ஸ் இரண்டின் பின்பக்கத்தில், வகுப்புப் பிள்ளைகள் சாயத்தால் “மோர்”, “சோறு” என்று எழுதினார்கள். அதில் “சோறு” கொஞ்சம் சரிந்து போய்விட்டது. நுழைவாயிலுக்கு இன்னும் ரெண்டு என்ற பேச்சு அடங்கிவிட்டது. சாலையோரத்தில் ஒன்றாவது புதுசாகப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்ததால் அது ஃபிளெக்ஸில்தான் வந்தது, தேதியோடு. நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். ஆறு ஒன்றாகக் குறைந்ததே என்று ஒரு பக்கம் சந்தோஷம். துணிப் பேனரை மடித்து எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், பாச்சை உருண்டை போட்டு. அது எத்தனை தைப்பூசம் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே சொன்னால் அதற்கு முன் கிழிந்துவிடுமோ என்று பயம்.

விழா முடிந்த அன்று ராத்திரி பந்தலைப் பிரித்தோம். ஐயா வந்து வழக்கம்போல அவர் பேனரை அவரே அவிழ்த்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். சுருட்டும்போது, “எனக்குப் பிறகு இந்த ஏழையும் என்ன பண்ணுவாங்க, தம்பி? நீ இதைப் பத்திப் படிக்கிறவன்தானே?” என்று கேட்டார். பத்துக் கிலோ இருக்கும், மறுசுழற்சிக்குப் போகாது, எரிக்கக் கூடாது, புதைத்தாலும் அப்படியே கிடக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யோசிச்சுச் சொல்றேன் ஐயா என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வட்டாரத்தில் யாராவது இதற்கு ஒரு வழி கண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.